பிசியோதெரபியின் பலனைக் கெடுக்கும் தவறுகள்

பிசியோதெரபி செய்தும் குணமாகவில்லை என்று சொல்பவரிடம், அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்ச நாள் கரண்ட் வைத்தார்கள்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். என்ன பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள், வீட்டில் எத்தனை வேளை செய்தீர்கள், முதல் நாள் எவ்வளவு மடங்கிய முழங்கால் இப்போது எவ்வளவு மடங்குகிறது என்று அடுத்தடுத்துக் கேட்டால் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் எனக்கு இது உறுதியாகத் தெரிகிறது: நாம் படுத்திருந்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கிளினிக்கில் இருந்தாலும், வாரத்தின் 168 மணி நேரத்தில் மீதி 165 மணி நேரம் அந்த மூட்டு உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

கரண்ட் வைப்பதிலிருந்தே தொடங்கலாம். வலி உள்ள இடத்தில் சிறு பட்டைகளை ஒட்டி, மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் கருவிகளுக்குப் பின்னால் நல்ல அறிவியல் உண்டு. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு 'வாயில்' இருக்கிறது என்று விளக்கினார்கள். தொடுதல், அதிர்வு போன்ற உணர்வுகள் அந்த வழியே நிறையப் போகும்போது வலிச் செய்தி கடப்பது குறைகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதனால்தான் சுகமாக இருக்கிறது. கருவி ஓடும்போதும் அதை எடுத்த பிறகு சிறிது நேரமும் வலி தணியும். அந்தச் சிறிது நேரம் விலைமதிப்பற்றது, ஏனென்றால் வலி தணிந்திருக்கும்போதுதான் மூட்டை அசைக்கவும் தசையை வேலை வாங்கவும் முடியும். பட்டையைக் கழற்றியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அது வீணாகிறது. மறுநாள் வலி பழையபடி நிற்கும், இன்னொரு முறை கரண்ட் வைக்க வேண்டும் என்று தோன்றும். இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன, தசை மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகிறது.

கருவிகளில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு மின்துடிப்புக் கருவியைப் போட்டுவிடக் கூடாது. உடலுக்குள் தகடோ திருகோ இருக்கும் இடத்தில் ஆழ்சூடு தரும் மின்காந்தச் சிகிச்சை ஆபத்தானது, கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு மங்கியவருக்குச் சூட்டு ஒத்தடம் வைத்தால், சூடு பொறுக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் பொறுக்கிறது என்றே சொல்வார். தோல் கொப்புளித்த பிறகுதான் தெரியவரும். கேட்க வேண்டியது கிளினிக்கின் கடமை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

முதல் நாள் பாதிக் கதையை மட்டும் சொல்வதை அதனால்தான் பெரிய தவறு என்கிறேன். தோள்பட்டைதானே வலிக்கிறது, சர்க்கரையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கையைத் தூக்கவே முடியாமல் தோள் இறுகிப்போகும் நோய் 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். அவர்களுக்கு அது பிடிவாதமாகவும் இருக்கும், குணமாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இது தெரிந்தால் சிகிச்சையின் வேகத்தையே மாற்றி அமைப்போம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தம் கட்டும். பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தவரின் எலும்பு பலவீனமாக இருக்கலாம், அவருடைய முதுகை யாரும் அழுத்திச் சொடுக்கக் கூடாது. சமீபத்தில் எங்காவது விழுந்தீர்களா என்பதும் சொல்ல வேண்டியதே.

கூடவே, உங்களுக்கு என்ன செய்ய முடிய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "வலி போக வேண்டும்" என்பதை வைத்து ஒரு திட்டம் போடுவது கடினம். "மாடிப்படி ஏற வேண்டும்", "தலை வாரிக்கொள்ள வேண்டும்", "குழந்தையைத் தூக்க வேண்டும்" என்றால் எந்தத் தசைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெளிவாகிவிடும்.

ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துப் பயப்படுவது தனிக் கதை. முதுகுவலியோடு வருகிறவர் உள்ளே நுழையும்போதே எம்.ஆர்.ஐ. அறிக்கையை நீட்டி, டிஸ்க் விலகிவிட்டது என்கிறார், குனிவதையே நிறுத்திவிட்டேன் என்கிறார். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டில் (டிஸ்க்) தேய்மானம் இருப்பதாகக் காட்டியது. வட்டு பிதுங்கியிருப்பது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்களில் யாருக்கும் வலி இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஸ்கேனில் தெரியும் எல்லாமே வலிக்குக் காரணமாகிவிடாது, நரையைப் போல வயதோடு வருவதும் அதில் உண்டு. அந்தக் காகிதத்தை நம்பி வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் உண்மையான கேடு. சாதாரண முதுகுவலிக்கு நீண்ட படுக்கை ஓய்வு உதவுவதில்லை. முடிந்தவரை நடமாடிக்கொண்டே இருப்பவர்கள் விரைவில் தேறுகிறார்கள்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால் அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், தொடைகளின் உட்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனால், கால் வேகமாக வலுவிழந்தால், பிசியோதெரபிக்கு நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புக் கொத்து நசுங்கும் நிலையாக அது இருக்கலாம், தாமதித்தால் நிரந்தர இழப்பில் முடியும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவையும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

வலியைக் கையாள்வதில் இரண்டு கோஷ்டிகள் இருக்கின்றன. ஒரு கோஷ்டி, வலிக்க வலிக்கச் செய்தால்தான் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வளைக்கும். மறு கோஷ்டி, லேசாக வலித்தாலும் பயிற்சியை மூட்டை கட்டிவிடும். இரண்டும் தவறு. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள். பயிற்சியின்போது மூன்று, நான்கு வரை வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பெரும்பாலான பிரச்சினைகளுக்கு அது ஏற்கத்தக்க அளவு. மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் எந்த நோய் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். இறுகிய தோளில் வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் பலவந்தமாக இழுத்தால் நிலைமை மோசமாகும். கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணின் நாட்பட்ட வலியோ இதற்கு நேர்மாறானது. சுவீடனைச் சேர்ந்த ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சியில், படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 15 முறையாக மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். ஓரளவு வலித்தாலும் தொடரச் சொன்னார். அவரிடம் வந்த ஓட்டக்காரர்கள் மீண்டும் ஓடினார்கள்.

அந்த 12 வாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று கிளினிக்கை மாற்றுகிறவர்கள் ஏராளம். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் பலம், நரம்புகள் அந்தத் தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பெருக்க ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர், வேர் பிடிக்கும் நேரத்தில் செடியைப் பிடுங்கிவிடுகிறார்.

வீட்டில் அன்பினால் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருபவை. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு, சுகமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள். அப்போது வலி குறைவாக இருப்பதும் உண்மைதான். மணிக்கணக்கில் மடங்கியே இருக்கும் மூட்டு பிறகு முழுதாக நீள மறுக்கிறது. முழுதாக நீளாத காலில் நடந்தால் தொடைத்தசை ஓயாமல் உழைத்துச் சோர்ந்துபோகும், நடை நொண்டும். சுருட்டிய துண்டை குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாக நேராகும்படி விடுவதே சரி. மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நாற்காலியிலிருந்து எழவும் படி இறங்கவும் சுமார் 90 முதல் 105 டிகிரி வரை மடங்கினால் போதுமானது. நீட்டுவதை யாரும் கேட்பதில்லை, முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அதே அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து.

பக்கவாதம் வந்தவரை எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, சுற்றியுள்ள தசைகளே அந்த எலும்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. தசைகள் தளர்ந்திருக்கும்போது இழுத்தால் எலும்பு கீழே நழுவும். பிறகு வரும் தோள்வலி, கையை மீட்கும் பயிற்சியையே செய்ய விடாது. இடுப்பையும் தோள்பட்டை எலும்பையும் தாங்கி எழுப்புங்கள், உட்காரும்போது அந்தக் கையைத் தலையணையில் வையுங்கள்.

கைத்தடியை வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பது ஏறக்குறைய எல்லோரும் செய்வது. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே தடியின் உயரம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் காலும் தடியும் முதலில். அக்குள் கட்டை வைத்திருப்பவர் எடையை உள்ளங்கையில் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம்.

கிளினிக்குகளும் தவறு செய்கின்றன, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முழங்கால் வலி என்றவுடன் பரிசோதிக்காமலே கட்டிலைக் காட்டுவது, எல்லோருக்கும் ஒரே கருவியை ஒரே நிமிடக் கணக்கில் வைப்பது, முதல் நாள் கோணமானியால் அளந்ததைப் பிறகு அளக்கவே மறப்பது ஆகியவை அன்றாடம் நடக்கின்றன. அளக்காவிட்டால் முன்னேற்றம் இருக்கிறதா என்று எங்களுக்கே தெரியாது. நாளுக்கு ஒரு சிகிச்சையாளர் மாறி மாறி வந்து, குறிப்பேட்டைப் படிக்காமல் ஒவ்வொருவரும் புதிதாகத் தொடங்கினால் நோயாளி முதல் படியிலேயே நிற்பார். பத்துப் பயிற்சிகள் அச்சிட்ட தாளைக் கொடுத்து அனுப்புவதும் பயனற்றது. சக சிகிச்சையாளர்களுக்குச் சொல்கிறேன்: மூன்றே பயிற்சியைக் கொடுங்கள், உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள், தப்பாகச் செய்வதைத் திருத்தி அனுப்புங்கள். வீட்டில் செய்யவில்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் திட்டாதீர்கள். திட்டு விழும் இடத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள், செய்ததாகவே சொல்வார்கள். நாமும் அதை நம்பி அடுத்த நாள் பளுவைக் கூட்டிவிடுவோம்.

நோயாளிகளுக்கும் கேட்கும் உரிமை உண்டு. சிகிச்சை செய்பவரின் படிப்பு என்ன, பதிவு பெற்றவரா, இந்தக் கருவி எதற்கு, இரண்டு வாரம் கழித்து எதை அளந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். உடையை விலக்கும்முன் திரை போட்டு, தொடும்முன் சொல்லிவிட்டுத் தொடுவது கிளினிக்கின் அடிப்படை ஒழுக்கம். அது இல்லாத இடத்தில் தயங்காமல் எழுந்து வந்துவிடலாம்.

கடைசித் தவறு, வலி போனதும் நின்றுவிடுவது. வலி முதலில் போகும், பலம் பிறகுதான் திரும்பும். முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரை அறுவை சிகிச்சையில் சீரமைத்துக்கொண்ட விளையாட்டு வீரர்களை நார்வேயில் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வாய்ப்பு 51 சதவீதம் குறைந்தது. ஐந்தாம் மாதமே வலியில்லாமல் ஓடுகிறவர் இந்தக் கணக்கைக் கேட்டாவது பொறுக்க வேண்டும். வயதானவர்களுக்கு வேறு கணக்கு. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ என்ற வீட்டுப் பயிற்சித் திட்டம், கால் பலத்தையும் சமநிலையையும் பயிற்றுவித்து, கீழே விழுவதை ஏறக்குறைய 35 சதவீதம் குறைத்தது.

ஆகவே சிகிச்சை முடிகிறது என்று சொல்லும் நாளில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இனி எந்தப் பயிற்சியை வாரத்துக்கு எத்தனை நாள் தொடர வேண்டும், எப்போது எவ்வளவு கூட்ட வேண்டும், என்ன நேர்ந்தால் திரும்பி வர வேண்டும்.