பச்சை உடம்புக்காரியின் மனத்தைக் கவனிப்பது எப்படி?

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல் என்று உடம்புக்கு வேண்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் நம் வீடுகளில், அவள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அரிது. பார்க்க வருபவர்களும் குழந்தையின் எடையையும் பால் போதுகிறதா என்பதையும் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கவனிக்கும் பொறுப்பு உடனிருக்கும் அம்மாவுக்கும் கணவருக்கும் மாமியாருக்குமே உரியது.

முதலில் நாள்களை எண்ணுங்கள். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவதும் சிறு சொல்லுக்கும் எரிச்சல் கொள்வதும் பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வதுதான். கர்ப்பகாலத்தில் உயர்ந்திருந்த ஹார்மோன்கள் திடீரென இறங்குவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்து உண்டாக்கும் இந்தத் தளர்ச்சி இரண்டு வாரத்துக்குள் தானாகவே மறையும். அதற்குப் பிறகும் சோர்வு நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், பிள்ளைமீது ஒட்டுதலே வரவில்லை என்றோ தான் நல்ல தாயில்லை என்றோ அவள் சொன்னால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். இது கர்ப்பகாலத்திலேயே தொடங்குவதும் உண்டு; பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

கேட்கும் விதம் முக்கியம். “தங்கம் மாதிரி பிள்ளை இருக்கும்போது எதற்கு அழுகிறாய்?” என்பது கேள்வியன்று, வாயை அடைக்கும் வழி. அவள் தனியாக இருக்கும் நேரத்தில், “ராத்திரி தூக்கம் வருகிறதா, எதையாவது நினைத்துப் பயப்படுகிறாயா?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள். மருத்துவர்கள் இதற்காக 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாளைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த 7 நாள்களின் மனநிலையை 10 கேள்விகளால் அளக்கும் இது தமிழிலும் உண்டு. மொத்த மதிப்பெண் எதுவாயினும், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இரவில் ஒருவர் முறைவைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, தாய்க்கு நான்கைந்து மணி நேரத் தொடர் உறக்கம் கிடைக்கச் செய்யுங்கள். பெண் குழந்தையா என்று உதட்டைப் பிதுக்கும் உறவினரை வாசலிலேயே அடக்குவதும் கவனிப்பில் சேர்ந்ததே. ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தால் தாயின் மனச்சோர்வு கூடுகிறது என்பது கோவாவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது.

மருத்துவரிடம் போகும்போது தைராய்டையும் ரத்தசோகையையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வரும் குறைபாடுகள் மனச்சோர்வைப் போலத் தோன்றும். பாலூட்டும்போது மாத்திரையே கூடாது என்பது தவறான நம்பிக்கை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. முன்பிருந்தே மனநல மருந்து உட்கொள்பவர் கருவுற்றதும் தாமாக அதை நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தாய் உறக்கமின்றிக் குழப்பமாகப் பேசுவதும், குழந்தையைத் தெய்வமென்றோ பேயென்றோ நம்புவதும், காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்வதும் நேரும். மந்திரிக்க அழைத்துச் சென்று நாளைக் கடத்தாதீர்கள். இது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரநிலை. அதுவரை அவளையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. மனநல மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் அறிய வேண்டியது: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து நேரக்கூடும் என்றால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

குணமான பின்பும் எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதை எழுதி வையுங்கள். அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலும், பிற்பாடு மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனம் தளர்ந்து மருத்துவரைப் பார்க்கும்போதும் அந்தத் தாளைக் காட்ட வேண்டியிருக்கும்.