கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள்

பெரிய பியானோ படைப்பு ஒன்று நம் கைக்கு அடங்குமா என்று பார்க்க நான் முதல் பக்கத்தை நம்புவதில்லை. 1836இல் வெளியான, இசையமைப்பாளர் ஷோபானின் (Chopin) ஜி மைனர் 'பாலாட்' (Ballade) என்ற பியானோ படைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் நிதானமானது, சில வாரங்களில் வாசித்துவிடலாம் என்று ஆசை காட்டும். 208ஆம் பாரில் (bar, இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளக் கட்டம்) 'பிரெஸ்டோ கான் ஃபுவோகோ' (மிக வேகமாக, நெருப்போடு) என்ற குறிப்போடு முடிவுப் பகுதி தொடங்குகிறது. உண்மையான சோதனை அங்கேதான்.

அதில் மிகக் கடினமான நான்கு பார்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கையையும் தனித்தனியாகப் பழகுங்கள். இடக்கை அடிச்சுரத்திலிருந்து மேலே உள்ள கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தாவும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டும் வாசித்துப் பாருங்கள். மெட்ரோனோம் (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) பாதி வேகத்தில் இருக்கட்டும். தினமும் 15 நிமிடம், ஒரு வாரம் போதும்.

சுரம் தவறினால் கவலை வேண்டாம், பழகப் பழகச் சரியாகும். முன்கை இறுகி வலித்தால் மட்டும் அந்தப் படைப்பை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

இன்னொன்று: இந்தச் சோதனையைக் காலையில் புத்துணர்ச்சியோடு செய்யாதீர்கள். மேடையில் அந்தப் பக்கங்கள் வரும்போது ஏழெட்டு நிமிடம் வாசித்துக் களைத்த கைகளே நம்மிடம் இருக்கும். அன்றைய பயிற்சி முடிந்த பிறகு உட்கார்ந்து பாருங்கள்.