ஆபீஸ் வேலைக்கு ஸ்டாஃப வாடகைக் கார்ல அனுப்புறீங்களா? கம்பெனி செய்ய வேண்டியது இதான்

செல்ஃப் டிரைவ் கார் புக் பண்ணி ஸ்டாஃப் கையில சாவிய கொடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெறைய கம்பெனி நெனச்சிட்டு இருக்கு. வண்டிய நல்ல கண்டிஷன்ல கொடுக்குறது வாடகைக்கு விடுறவங்க பொறுப்பு, சரி. ஆனா யாரு ஓட்டணும், எத்தன மணிக்கு கெளம்பணும், எவ்ளோ தூரம், எந்த மாதிரி வண்டி, இதெல்லாம் முடிவு பண்றது நீங்கதானே. ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 155-வது உடன்படிக்கை 1981-ல வந்தப்பவே, வேலைக்காக ஒருத்தர் போக வேண்டிய எடம் முதலாளியோட கட்டுப்பாட்டுல நேரடியாவோ மறைமுகமாவோ இருந்தா அதுவும் வேலையிடம்தான்னு சொல்லியாச்சு, 2022-ல அத அடிப்படை உடன்படிக்கைகள்லயும் சேத்துட்டாங்க. உங்க நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு தனியா பாத்துக்கோங்க.

முதல்ல லைசென்ஸ். வாட்ஸ்அப்ல வந்த பழைய போட்டோ போதாது, ஒரிஜினல வாங்கி பாருங்க. எப்போ வரைக்கும் செல்லும், என்ன வகை வண்டிக்கு, ஆட்டோமேட்டிக் மட்டும்தானா. வெளிநாடுன்னா இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்ல முக்கியமா ரெண்டு வகை இருக்கு, 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி ஒண்ணு, 1968 ஒப்பந்தப்படி ஒண்ணு, போற நாடு எத ஒத்துக்குதுன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே பாக்கணும். அந்த பெர்மிட் கையில இருந்தாலும் ஒரிஜினல் லைசென்ஸ் கூட இல்லன்னா செல்லாது. தூக்கம் வர்ற மாத்திரை எதாவது சாப்பிடுறாங்களா, ராத்திரி ஓட்ட கஷ்டமா இருக்கான்னு தனியா கூப்பிட்டு கேளுங்க, மீட்டிங்ல நாலு பேரு முன்னாடி கேட்டா யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க.

புக் பண்றப்போ இருக்கறதுலயே சின்ன வண்டிய எடுத்து காசு மிச்சம் பிடிக்காதீங்க. தினமும் ஆட்டோமேட்டிக் ஓட்டுறவருக்கு ஆட்டோமேட்டிக்கே எடுங்க. இன்சூரன்ஸ்ல டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் இதெல்லாம் பல சமயம் சேராது, படிச்சு பாருங்க. ஓட்டப் போற எல்லார் பேரும் அக்ரிமென்ட்ல இருக்கணும், பேர் இல்லாத ஆளு அவசரத்துக்குன்னு ஓட்டி இடிச்சா இன்சூரன்ஸ் கைவிட்டுடலாம். கீறல் விழுந்தா அந்தக் காச யாரு கட்டுறதுன்னு முன்னாடியே எழுதி வைங்க, கம்பெனிதான் கட்டும்னு. சம்பளத்துல பிடிச்சிடுவாங்கன்னு பயம் இருந்தா, டயர் சைடுல வீக்கம் தெரிஞ்சாலும் யார்கிட்டயும் சொல்லாம அப்படியே ஹைவேல ஓட்டிட்டு வருவாங்க.

ஆனா என்னக் கேட்டா எல்லாத்தையும் விட பெரிய ஆபத்து நேரம்தான். விடியக்காலைல எந்திரிச்சு, பிளைட் பிடிச்சு, ராத்திரி எறங்கி, தெரியாத ரோட்ல தெரியாத வண்டிய எடுத்துட்டு போறது. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு நிதானம் கொறையுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போகும், 4 செகண்ட் கண்ணு சொக்கினா 110 மீட்டர் யாருமே ஓட்டாத வண்டி. அதனால நீண்ட பயணம் முடிஞ்ச அன்னைக்கு ஸ்டியரிங் தொடக்கூடாது, டாக்ஸியோ ஹோட்டலோ கம்பெனி செலவு, இத ரூலாவே எழுதிடுங்க. மேனேஜர் விருப்பத்துக்கு விட்டா "இந்த ஒரு தடவ மட்டும்"னு ஆரம்பிச்சுடுவாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ 15 நிமிஷமாவது பிரேக், அதையும் வேலை நேரமா கணக்கு வைங்க, மீட்டிங்க அதுக்கேத்த மாதிரி போடுங்க. ஓட்டிட்டு இருக்கறவருக்கு ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாதீங்க, ஹேண்ட்ஸ்ஃப்ரீயா இருந்தாலும் கவனம் செதறத்தான் செய்யும்.

வண்டி வாங்குற எடத்துல அவசரப்படுத்தாதீங்க. பார்க்கிங்லயே உக்காந்து சீட், கண்ணாடி எல்லாம் சரி பண்ணிட்டு, ஹெட்ரெஸ்ட்டோட மேல் விளிம்ப தலை உச்சி வரைக்கும் ஏத்தி வைக்கச் சொல்லுங்க. ஸ்டியரிங் சைடு மாறுன நாட்டுல இண்டிகேட்டர் போடப்போயி வைப்பர் ஆடும், அத ரோட்ல போயி கண்டுபிடிக்க வேணாம். ஹேண்ட்பிரேக் லீவரா பட்டனா, பெட்ரோலா டீசலா, மூடி எந்தப் பக்கம் (நெறைய வண்டில ஃபியூயல் மீட்டர் பக்கத்துலயே ஒரு குட்டி அம்புக்குறி காட்டும்). டயர் பள்ளத்துக்குள்ள சின்னச் சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அந்த மட்டத்துக்கு வந்தா ஆழம் வெறும் 1.6 மில்லிமீட்டர்னு அர்த்தம், பல நாட்டுல சட்டப்படி அதான் கடைசி எல்லை. டயர் பக்கவாட்டுல 2319-னு நாலு இலக்கம் இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. டிக்கில ஸ்டெப்னி இருக்கா, இல்ல வெறும் பஞ்சர் கிட்தானான்னும் பாக்கணும்.

திருப்தி இல்லன்னா வேற வண்டி கேக்குற உரிமை ஓட்டுறவருக்கே இருக்கணும், அதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் வாங்கத் தேவையில்லன்னு தெளிவா சொல்லிடுங்க. ராத்திரி எந்நேரமும் எடுக்குற ஒரு கம்பெனி நம்பரையும், ரோட்சைடு உதவி நம்பரையும் பேப்பர்ல எழுதி கொடுங்க, போன்ல சார்ஜ் தீந்தா அதுதான் உதவும். திருப்பிக் கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு, கார் ஸ்கிரீன்ல ஏறின காண்டாக்ட், ப்ளூடூத் எல்லாத்தையும் அழிச்சுட்டு சாவிய கொடுக்கச் சொல்லுங்க.