ஆய்வேட்டை லயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது எப்படி

தோட்டத் தொழிலாளர்களின் முதுமையைப் பற்றிய என் மானுடவியல் ஆய்வேடு 240 பக்கம். அதில் இன்றுவரை லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, பயன்பட்டது ஓர் அடிக்குறிப்பு.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் முப்பது, நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர்கள், வேலையை விட்டு எத்தனை காலம் ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார்கள். பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதற்கு, பழகிய உடம்பு. எழுந்ததும் பால் இல்லாமல் சீனி போட்ட கோப்பி-ஓ, அதில் முக்கித் தின்ன ரெண்டு பிஸ்கட். இதை அடிக்குறிப்பில் போட்டுவிட்டுக் கடந்துபோனேன். ஆய்வேடு முடிந்த மறுவருஷம் அம்மாவை இனிப்புநீர்ப் பரிசோதனைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "பசியாறாம வரணும்னு சொன்னேனே பாட்டி" என்றார் மிசி, அங்கிருந்த நர்ஸ். "நான் பசியாறலியே" என்றார் அம்மா. இருவர் சொன்னதும் உண்மை. எங்கள் தோட்டத்தில் பசியாறுவது என்றால் மரம் சீவி முடித்து, ஒன்பது மணிவாக்கில் தூக்குச்சட்டியைத் திறப்பது. நாலு மணிக் கோப்பி அந்தக் கணக்கில் வராது.

அன்றைக்குத்தான், என்னிடம் இருந்த ஒரு செய்தி அந்தக் கிளினிக் மேசைக்கு வந்து சேரவில்லையே என்று உறைத்தது. முதுமையைப் பற்றி ஆய்வு செய்யும் தம்பி தங்கச்சிகளுக்கு, அதன்பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் களக்குறிப்பை எடுத்து, ஆளுக்கு ஆள் பேச்சு முட்டிக்கொண்ட இடங்களை மட்டும் தனியே எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள், இந்தப் பக்கம் வேறு பொருள் இருக்கிற இடங்கள் அவை. கோட்பாட்டு அத்தியாயம் அப்படியே இருக்கட்டும். எனக்கு இப்படிப் பதினோரு இடம் கிடைத்தது. ஐந்தைக் கிளினிக்குக்காக எடுத்தேன்.

அடுத்து, அந்தச் செய்தியை நாளைக்கே பயன்படுத்தக்கூடிய ஆள் யார் என்று பாருங்கள். நான் முதலில் ஓர் இலாகாவுக்குப் போய் நாற்பது நிமிஷம் படம் போட்டு விளக்கினேன். 2030-இல் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்ற கணிப்பில் ஆரம்பித்தேன். அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நன்றி சொல்லி அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு அரைத்தாளில் எழுதி, மருந்துச்சீட்டு எழுதும் மேசையில் இருப்பவரிடம் கொடுத்தேன். அதிலிருந்து மூன்று வரி:

"பசியாறாமல் வாருங்கள்" என்பதோடு நிறுத்த வேண்டாம். "நாலு மணிக் கோப்பியும் பிஸ்கட்டும் வேண்டாம், வெறும் தண்ணீர் குடிக்கலாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் "அது இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். "இந்தக் கையோடு இன்னைக்கு எத்தனை மரம் சீவலாம்?" என்று கேளுங்கள்.

மறுதேதிக்கு வராதவரிடம் காரணம் கேட்கும்போது, யாருடைய மோட்டார் சைக்கிளில் வருகிறார் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது வரிக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நாளைக்கு 400, 500 மரம் சீவியவருக்கு வலி எண் கிடையாது, மர எண் உண்டு. "முன்னூறு சீவுவேன், அதுக்கு மேல தோள் தூக்காது" என்று ஒரு பாட்டி டாக்டரிடம் சொன்னபோது, அந்தத் தோளை அன்றுதான் சரியாகப் பார்த்தார்கள். இப்படி ஓர் அளவுகோல் ஒவ்வொரு தொழிலிலும் இருக்கும். கித்தாவுக்கு (ரப்பருக்கு) பதில் செம்பனை என்றால் குலைக் கணக்கு. தேடிக் கண்டுபிடியுங்கள், மானுடவியல் படித்தவரால்தான் அதைக் கொடுக்க முடியும் என்று மனதார நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. தாளைக் கொடுப்பதற்கு எனக்கு அனுமதிக் கடிதம் தேவைப்படவில்லை, கிளினிக் பொறுப்பாளரிடம் கேட்டதே போதுமாக இருந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்து நோயாளிகளிடம் தகவல் திரட்டினால் அது ஆய்வு. தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்க வேண்டும்.

எழுதியதைச் சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. என் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஆறு பக்கமாகச் சுருக்கி, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் டீ வேளையில் வாசித்தேன். "ஓய்வு பெற்றதும் வீட்டை இழக்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அதைத்தான் எழுதியிருந்தேன். ஒரு தாத்தா கையைத் தூக்கினார்.

"நான் இழக்கல பாப்பா. வீடு போயிடக் கூடாதுன்னு படிச்சிக்கிட்டிருந்த பையன நிறுத்தி அதே தோட்டத்துல பேர் குடுக்க வெச்சேன். அதை எழுதினியா?"

எழுதவில்லை. 55 வயதில் சேமநிதிப் பணம் எடுத்தவர்களின் கணக்கெல்லாம் என்னிடம் இருந்தது. ஒருவருடைய முதுமைக்கு இன்னொருவருடைய இளமை விலையாகப் போனதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். மண்டபத்தில் இருந்த மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளின் பேரைச் சொல்லத் தொடங்கினார்கள். வீட்டுத் திட்டத்துக்கு மனு எழுதும் எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது, எத்தனை தலைமுறை ஒரே வீட்டுக்காக ஒரே வேலையில் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

வாசிப்பதில் ஆபத்தும் உண்டு. புனைபெயர் தோட்டத்தில் யாரையும் மறைக்காது. "மூன்று மகன்களில் ரெண்டாவது மகனிடம் இருக்கும் பாட்டி" என்று சொன்னாலே எந்த லயம், எந்தக் கதவு என்று எல்லாருக்கும் தெரியும். நான் அப்படி ஒரு வரியை வாசித்துவிட்டேன். மருமகள் பாதியிலேயே எழுந்துபோனார். பாட்டி எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதால் நடந்தது நடக்காமல் போய்விடாது. ஆகவே, பொதுவில் வாசிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் அந்த வீட்டு வாசலில் தனியாக வாசியுங்கள். பணம், சொத்து, சாப்பாடு சம்பந்தப்பட்ட எதையும் ஊர்ப் பிரதியில் சேர்க்காதீர்கள்.

மறதியைப் பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் காசியில் பார்த்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு முதியவருக்குப் புத்தி தடுமாறினால் ஊர் முதலில் குடும்பத்தைத்தான் சந்தேகப்பட்டதாம், பிள்ளைகள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று. எங்கள் ஊரிலும் "அம்மாவுக்கு மறதியா?" என்று கேட்டால் மருமகள் காதில் "நீ சோறு போடுறியா?" என்றுதான் விழுகிறது. அதனால் என் துண்டுத்தாளில் 'மறதி நோய்' என்று தலைப்புப் போடவில்லை. "அடுப்பை அணைக்க மறந்தால், வழி தெரியாமல் நின்றால் கிளினிக்கில் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினேன். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போனவர்களில் மருமகள்கள்தான் அதிகம்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. பல பாட்டிகளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் குரல் செய்தி கேட்கத் தெரியும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மானுடவியலாளர்கள் முதுமையையும் ஸ்மார்ட்போனையும் பற்றிச் செய்த ஆய்வில், பிரேசிலின் சாவோ பாலோவில் களப்பணி செய்த மரீலியா டூக்கே புதுச் செயலி எதையும் தேடிப்போகவில்லை; மக்கள் ஏற்கெனவே கையில் வைத்திருந்த வாட்ஸ்அப்பை மருத்துவத்துக்கு எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக் கையேடு எழுதினார். நானும் ஒவ்வொரு குறிப்பையும் ரெண்டு நிமிஷத்துக்குள் பேசிப் பதிவு செய்து கோயில் குழுவில் போடுகிறேன். ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். செய்தி வாசிப்பதுபோல் பேசினால் பாதியில் அணைத்துவிடுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மிசிகள் மாற்றலாகிப் போகிறார்கள். அரைத்தாளும் அவர்களோடு போய்விடுகிறது. எங்கள் கிளினிக்கில் மேசை ரெண்டு முறை கைமாறிவிட்டது. போன மாதம் மூன்றாவது பிரதியைக் கொண்டுபோனேன். புதிதாக வந்திருந்த மலாய்ப் பெண், பசியாறுவது என்றால் என்ன என்று கேட்டு, தன் நோட்டில் அந்தச் சொல்லை மலாய் எழுத்தில் குறித்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, உச்சரிப்பு சரியாக வரும்வரை மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார்.