நகர மேலாளரை நியமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பல ஊர்களில் நிர்வாகம் மேயர் கையில் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றம் கொள்கையை வகுக்கும். பணியாளர், குடிநீர், சாலை, வரவுசெலவு ஆகியவற்றைக் கவனிப்பவர், அந்த மன்றம் சம்பளத்துக்கு அமர்த்தும் நகர மேலாளர். 1913 வெள்ளத்தில் சீரழிந்த ஒஹாயோவின் டேடன் நகரம் மறு ஆண்டே இந்த முறைக்கு மாறியது. பிறகு நாடெங்கும் பரவியது. ஒரு மன்றம் எடுக்கும் முடிவுகளில் மேலாளரைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரியது அநேகமாக இல்லை.

உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசி முடிக்காமல் விளம்பரம் கொடுப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். ஐவர் கொண்ட மன்றத்தில் இருவருக்குக் கடனை அடைக்கும் சிக்கனக்காரர் வேண்டும். இருவருக்குப் புதிய குடியிருப்புகளைக் கொண்டுவரும் துணிச்சல்காரர் வேண்டும். மீதமுள்ளவருக்கோ பழைய மேலாளரைப் போல இல்லாத எவரும் சரி. இந்த நிலையில் பொறுப்பை ஆள்தேர்வு நிறுவனத்திடம் விட்டால், யாருக்கும் வலிக்காத பொத்தாம்பொதுவான விளம்பரம் ஒன்று வரும். சண்டை நேர்காணலில் வெடிக்கும். கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ஒருவர் பதவியேற்பார். அடுத்த தேர்தலில் அந்த மூவரில் ஒருவர் தோற்றாலும் மேலாளரின் நாற்காலி ஆட்டம் காணும். குடும்பத்தோடு ஊர் மாறி வர வேண்டிய அனுபவசாலிகள் இதைக் கணக்கிட்டே விண்ணப்பிக்கிறார்கள். இன்னும் சில வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை, ஐந்து வாக்கும் விழும் ஒருவரைத் தேடுங்கள்.

விண்ணப்பதாரர் கொடுத்த பெயர்களிடம் மட்டும் விசாரிப்பது வெறும் சடங்கு. முந்தைய ஊரில் அவரோடு மோதிய மன்ற உறுப்பினரையும் பணியாளர் சங்கத் தலைவரையும் அழையுங்கள். அந்த ஊரின் தணிக்கை அறிக்கைகளையும் படியுங்கள். இன்னொரு ஊரில் பணியில் இருப்பவரின் பெயர் கசிந்தால் அங்கே அவர் நிலை கெடும். ஃபுளோரிடாவில் விண்ணப்பமே பொது ஆவணம் என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

ஒப்பந்தத்தை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது மிகவும் ஆபத்தானது. கலிஃபோர்னியாவின் பெல் என்ற சிறிய, ஏழை நகரத்தில் ராபர்ட் ரிஸோ என்ற நகர மேலாளர் 1993இல் 72,000 டாலர் ஆண்டுச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 2010இல் அவர் சம்பளம் பற்றிய செய்தி வெளியானபோது அது ஏறத்தாழ 7,87,000 டாலர். ஆண்டுக்கு 12 சதவீதம் தானாக உயரும் விதிகள் ஒப்பந்தத்தில் இருந்தன. 2014இல் ஊழல் வழக்கில் அவருக்கு 12 ஆண்டுச் சிறை. அந்த ஊர் மக்களின் வரிப்பணம் போன விதத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இப்போது கலிஃபோர்னியாவில் விலைவாசிப் படியைத் தாண்டிய தானியங்கி உயர்வு தரும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுவதற்குத் தடை உண்டு. மேலாளரைப் பதவியிலிருந்து விலக்கும்போது தரும் தொகை 18 மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. சம்பள விவரத்தைத் திறந்த கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்ன பிறகே வாக்கெடுப்பு. இத்தகைய சட்டம் இல்லாத இடங்களிலும், ஒப்பந்தத்தை மக்கள் முன்கூட்டியே படிக்கும்படி வெளியிட மன்றமே முடிவெடுக்கலாம். ஆண்டு மதிப்பீட்டை எந்த மாதம், எந்த அளவுகோலில் செய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.