தொட்டால் பேசும் படம்: தமிழ் வகுப்புக்குக் கூகுள் ஸ்லைட்ஸில் செய்வது எப்படி?

ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். பூ. கடை. அக்கா. அதோடு வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு நானும் பல மாதம் இப்படித்தான் மல்லுக்கட்டினேன். அப்புறம் படத்துக்குள்ளேயே கேள்வியையும் குரலையும் ஒளித்து வைத்து, பிள்ளைகளே எழுந்து வந்து தொட்டுத் திறக்கும்படி செய்தேன். முழு வாக்கியங்கள் வர ஆரம்பித்தன.

இதற்கென்றே திங்லிங்க், ஜெனியலி, எச்ஃபைவ்பி என்று கருவிகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனாலும் முதல் தடவை செய்பவருக்கு நான் படக்காட்சி செய்யும் கூகுள் ஸ்லைட்ஸைத்தான் சொல்வேன். நம் மலேசியப் பள்ளி ஆசிரியர்களிடம் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கு இருக்கிறது, அதிலேயே ஸ்லைட்ஸும், கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிரைவும் வந்துவிடுகின்றன, புதிதாக எங்கேயும் பதிய வேண்டாம்.

1. படம் எடுங்கள்

இணையத்தில் தேடாதீர்கள். பிள்ளைகள் நடந்து போன இடத்தையே எடுங்கள். நான் எடுத்தது பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் ஒரு பூக்கடை. கடைக்கார அக்காவிடம் எதற்கென்று சொல்லி, அனுமதி கேட்டு, கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுத்தேன். ஸ்லைடும் படுக்கை வாட்டில்தானே இருக்கிறது, நிற்க வைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடக்கும். அப்படியே அவர் "எத்தன மொழம் வேணும்?" என்று கேட்பதையும் பதிவு செய்துகொண்டேன்.

2. எங்கே தொட வேண்டும், தொட்டால் என்ன வர வேண்டும்?

கணினியைத் திறப்பதற்கு முன் இதைத் தாளில் எழுதிவிடுங்கள். நான்கைந்து இடம் போதும். பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்: மாலையைத் தொட்டால் 'மாலை' என்று வரும்படி வைத்துவிடுகிறார்கள். விடையே வந்துவிட்டால் பிள்ளை எதற்குப் பேச வேண்டும்? கேள்வியை வையுங்கள். என் படத்தில் அக்காவின் கையைத் தொட்டால், கை மட்டும் பெரிதாகத் தெரியும், கீழே "அக்கா கையால் என்ன செய்கிறார்?" என்று இருக்கும். வாழைநாரைத் தொட்டால் "இது இல்லாவிட்டால் பூவை எப்படித் தொடுப்பார்?" என்று வரும். 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டவே வேண்டாம்.

3. ஸ்லைடுகளைக் கட்டுங்கள்

முதல் ஸ்லைடில் படத்தை முழு அளவுக்கு விரித்துப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஸ்லைடு. இன்செர்ட் மெனுவில் ஷேப் போய் ஒரு வட்டத்தை எடுத்து, அக்காவின் கைமேல் வையுங்கள். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தபடி கண்ட்ரோல், கே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லிங்க் பெட்டி திறக்கும், அதில் இந்தக் கோப்பிலேயே உள்ள ஸ்லைடுகளைக் காட்டும், உரியதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் வட்டத்தின் நிறத்தையும் ஓரக்கோட்டையும் டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிட்டால் வட்டம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேலை செய்யும். ஒவ்வொரு கேள்வி ஸ்லைடிலும் முதல் ஸ்லைடுக்குத் திரும்ப ஒரு அம்புக்குறி வைத்து, அதற்கும் இதேபோல் லிங்க் கொடுங்கள்.

இன்னொன்று. பிள்ளை வட்டத்துக்கு வெளியே தொட்டுவிட்டால் ஸ்லைடு தானாக அடுத்ததற்கு ஓடிவிடும். அதைத் தடுக்க, பின்னால் இருக்கும் பெரிய படத்துக்கு அதே முதல் ஸ்லைடையே லிங்காகக் கொடுத்துவிடுங்கள். எங்கே தொட்டாலும் படம் அங்கேயே நிற்கும்.

4. குரல் சேருங்கள்

ஸ்லைட்ஸ் எம்பி3, வேவ் கோப்புகளை மட்டுமே ஏற்கும். கைப்பேசியில் பதிவு செய்தது பெரும்பாலும் எம்4ஏ ஆக இருக்கும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அதை டிரைவில் ஏற்றி, இன்செர்ட் மெனுவில் ஆடியோ வழியாகச் சேருங்கள். ஒலிக்கோப்புக்கும் தனியாகப் பார்க்கும் அனுமதி கொடுக்க வேண்டும், ஸ்லைடுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. நான் அதை மறந்துவிட்டு வாட்ஸ்அப்பில் லிங்கை அனுப்ப, "டீச்சர், சத்தமே வரல" என்று இரவு பத்து மணி வரை பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

5. வகுப்பில்

ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். ஒரு பிள்ளை மவுஸால் தொடட்டும், வேறொரு பிள்ளை பதில் சொல்லட்டும். குரலை உடனே போடாதீர்கள், இரண்டு மூன்று பேர் பேசி முடிக்கும்வரை பொறுங்கள்.

கை ஸ்லைடு வந்தபோது ஒரு பையன், "அக்கா பூவ உக்கோர் பண்றாங்க டீச்சர்" என்றான். 'அளப்பது' என்பதற்கான மலாய்ச் சொல்தான், ஆனால் அவன் சரியாகக் கவனித்திருந்தான். திருத்தாமல் குரலைப் போட்டேன். "எத்தன மொழம் வேணும்?" வகுப்பில் யாருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. பலகையில் 'முழம்' என்று எழுதி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை என்று காட்டினேன். அவ்வளவுதான், எல்லாரும் மேசைமேல் கையை வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். "என் மேச மூணு முளம்." "முளம் இல்லடா, முழம்." நான் வாய் திறக்கவே இல்லை, அவர்களே ழகரத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளை என் கையை இழுத்துத் தன் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர் மொழத்துல வாங்குனா பூ நெறைய கெடைக்கும்."

அந்த வாக்கியத்தை அப்படியே அடுத்த ஸ்லைடில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அவர்கள் வீட்டுச் சமையலறையைப் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், எங்கே தொட வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதையும் அவர்களே எழுதி வருவார்கள்.