சைக்கிள் சீட் போஸ்ட் மாத்தும்போது பண்ணக்கூடாத தப்புங்க (கம்மி பட்ஜெட்ல வாங்குறவங்களுக்கு)

என் எம்டிபிக்கு (மவுண்டன் பைக்) மொதல் தடவ சீட் போஸ்ட், அதாவது சீட்ட தாங்கி ஃப்ரேமுக்குள்ள எறங்குற தண்டு, மாத்துனப்போ கிருஷ்ணகிரி டவுன்லருந்து கேஆர்பி டேம் போய் சேர்றதுக்குள்ள மூணு தடவ சீட்டு கீழ எறங்கிருச்சு. ஒவ்வொரு தடவயும் நிறுத்தி, சீட்ட மேல ஏத்தி, அலன் கீ போட்டு இன்னும் கொஞ்சம் டைட் வச்சு, மூணாவது தடவ போல்ட்டு சும்மாவே சுத்த ஆரம்பிச்சிருச்சு, மரை போயிருச்சு. பழைய போஸ்ட்ல 30.4 எம்எம்னு அடிச்சிருந்துச்சு, கடைல குடுத்தது 30. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, டைட் வச்சா நின்னுக்கும்"னு சொன்னாங்க, நானும் அர எம்எம் கூட வித்தியாசம் இல்லயேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். போஸ்ட்டுக்கு குடுத்த காசு போக புது க்ளாம்ப் (போஸ்ட்ட ஃப்ரேம்ல இறுக்கிப் புடிக்கிற வளையம்) ஒண்ணு, அப்புறம் ஃப்ரேம் மேல வெட்டு விட்டிருக்குற எடம் ரெண்டு பக்கமும் உள்ள வளஞ்சு போச்சு, அத நிமித்த லேத் பட்டறைல கூலி, எல்லாம் சேந்து நல்ல போஸ்ட் ரெண்டு வாங்குற காசு ஆயிருச்சு. அதனாலதான் இத எழுதுறேன், இந்த ஒரு சாமான்ல காசு மிச்சம் பண்றது ரொம்ப சுலபம், ஆனா அளவுல மட்டும் மிச்சம் பண்ண முடியாது.

நம்ம பக்கம் கடைங்கள்ல சீட் பில்லர்னு கேட்டா டக்குனு எடுத்துக் குடுப்பாங்க, போஸ்ட்டும் பில்லரும் ஒண்ணுதான். சைஸ் எத்தன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க மொதல்ல, சைஸுன்னா போஸ்ட்டோட விட்டம், எம்எம்ல. சாதா சைக்கிள்ல வர்ற 25.4, அதாவது சரியா ஒரு இன்ச். அப்புறம் 27.2, 28.6, 30.4, 30.8, 30.9, 31.6, இன்னும் பெருசா 34.9 கூட இருக்கு. இப்ப வர்ற எம்டிபில 27.2, 30.9, 31.6 இந்த மூணுதான் அதிகம், ஆனா கம்மி வெல சைக்கிள்ல எது இருக்கும்னு பாக்காம சொல்லவே முடியாது. 30.8க்கும் 30.9க்கும் நடுவுல 0.1 எம்எம்தான், கண்ணுல தெரியாது, கைல தடவுனாலும் தெரியாது. போஸ்ட்டு கொஞ்சம் சின்னதா இருந்தா க்ளாம்ப் இறுக்கும்போது குழாயோட மேல் விளிம்பு மட்டும்தான் போய் புடிக்கும், கீழ பூரா காலியா ஆடும், பெடல் மிதிக்க மிதிக்க கிறீச் கிறீச்னு சத்தம், கொஞ்ச நாள்ல வழுக்கி எறங்கும். க்ளாம்ப்ப எவ்ளோ டைட் வச்சாலும் இது தீராது, ஃப்ரேம்தான் கெடும்.

ஸ்கேல் வச்சு அளக்குறது அடுத்த தப்பு. பழைய போஸ்ட்ட உருவி, அடிப்பக்கம் மண்ணு கிரீஸ் எல்லாம் தொடச்சுட்டு பாருங்க, மினிமம் கோடு (இவ்ளோவாவது ஃப்ரேமுக்குள்ள இருக்கணும்னு போஸ்ட்ல போட்டிருக்குற கோடு) இருக்குற எடத்துக்கு கிட்ட சைஸ் அடிச்சிருப்பாங்க. இல்லன்னா வெர்னியர் (எம்எம்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் அளக்குற கருவி) வச்சு அளங்க. ஓசூர்ல இருக்கவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, தெருவுக்கு ரெண்டு பேராவது கம்பெனில மெஷின்ல நிக்கிறவங்க இருப்பாங்க, யாருகிட்டயாவது வெர்னியர் இருக்கும். தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம்னா ஏதாவது லேத் பட்டறைக்கு சைக்கிளோட போயிருங்க, ரெண்டு நிமிஷ வேல. செகண்ட் ஹேண்ட் சைக்கிள்னா பழைய போஸ்ட்டையும் நம்பாதீங்க, முன்ன ஓட்டுனவரு தப்பான சைஸ போட்டு ஓட்டியிருக்கலாம், ஃப்ரேம் குழாய்க்கு உள்பக்கமே அளங்க, அதுவும் மேல வெட்டு இருக்குற எடத்துல இல்லாம கொஞ்சம் கீழ எறங்கி, நீளவாக்குல ஒண்ணு குறுக்குவாக்குல ஒண்ணுன்னு ரெண்டு தடவ. மேல் விளிம்பு பல வருஷம் இறுக்கி இறுக்கி முட்ட மாதிரி ஆயிருக்கும், அங்க அளந்தா பொய்யான அளவுதான் வரும். ஆன்லைன்ல வாங்குனீங்கன்னா போஸ்ட்டு வந்ததும் ஃப்ரேம்ல சொருகிப் பாக்காதீங்க, மொதல்ல வெர்னியர்ல அளங்க, ஒரு தடவ உள்ள போயி கோடு விழுந்துருச்சுன்னா ரிட்டர்ன் எடுக்க மாட்டேம்பாங்க.

சைஸ் கெடைக்கலன்னா? சின்ன போஸ்ட்டும் அதச் சுத்தி இடைவெளிய அடைக்க அதுக்குன்னே வர்ற அலுமினிய ஸ்லீவும் (உறை மாதிரி ஒரு குழாய்) போடலாம், 27.2 போஸ்ட்ட 31.6 ஃப்ரேம்ல போட ஸ்லீவ் கெடைக்குது, நல்லா நீளமா இருக்குறதா பாத்து வாங்குங்க, குட்டையா இருந்தா மறுபடி அதே ஆட்டம்தான். கூல்டிரிங்ஸ் டின்ன வெட்டி சுத்துறது வழியில மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர்றதுக்கு சரி, அந்த தகரம் சுமாரா 0.1 எம்எம், ஒரு சுத்து சுத்துனா ரெண்டு பக்கமும் சேந்து 0.2 அடையும், அதுக்கு மேல அத நம்பி மல எறங்காதீங்க. பெரிய போஸ்ட்ட உப்புத்தாள் போட்டு தேச்சு உள்ள எறக்குறது, சுத்தியல்ல தட்டி எறக்குறது, இது ரெண்டும் வேணவே வேணாம், தேச்சா சுவர் மெலிசாகும், தட்டுனா அப்புறம் வெளிய வராது.

இப்ப நீளம். என்னக் கேட்டா சைஸ விட இதுதான் ஆபத்தான தப்பு, ஏன்னா சைஸ் தப்பானா சீட்டு எறங்கும், நீளம் தப்பானா ஃப்ரேம் ஒடையும். எங்க பெரியம்மா பையன் ஆறடி, சைக்கிள் அவனுக்கு ஒரு சைஸ் சின்னது, கால் எட்டணும்னு போஸ்ட்ட அந்த மினிமம் கோடு வெளிய தெரியற அளவுக்கு தூக்கி வச்சு ஓட்டிட்டிருந்தான். பென்னாகரத்துலருந்து ஒகேனக்கல் எறங்குற ரோட்டுல போகும்போது ஏதோ டிக்குனு கேட்டுச்சுன்னான், நிறுத்தி குனிஞ்சு பாத்தா சீட் குழாயும் மேல் குழாயும் சேர்ற வெல்டிங்குல பெயிண்ட்டுல முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால கீறுனா நகம் உள்ள மாட்டுச்சு. மல எறக்கத்துல அது மொத்தமா விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பயும் எனக்கு வயித்த கலக்குது. உள்ள கொஞ்சமா இருக்குற போஸ்ட்டு கடப்பாரை மாதிரி, ஒவ்வொரு குழில குலுங்கும்போதும் நம்ம மொத்த வெயிட்டும் அந்த குழாய நெம்பும். அதனால கோடு உள்ள இருந்தா மட்டும் போதாது, போஸ்ட்டோட அடி முனை மேல் குழாய் வந்து சேர்ற வெல்டிங்க தாண்டி கீழ எறங்கியிருக்கணும். மேல் குழாய் சரிஞ்சு வர்ற ஃப்ரேம்ல இது ரொம்ப முக்கியம். கணக்கு சிம்பிள், இப்ப சீட்டுக்கு அடில இருக்குற கம்பிலருந்து க்ளாம்ப் வரைக்கும் வெளிய தெரியறது எவ்ளோன்னு டேப் வச்சு அளங்க, கூட 100 எம்எம் சேருங்க, அதுல வெல்டிங்க தாண்டலன்னா இன்னும் சேருங்க. 230 வெளிய தெரியுதுன்னா 330, அப்ப 350 நீளம் வாங்கலாம். 280 வந்துச்சுன்னா 400தான் வாங்கணும், 350க்கும் 400க்கும் வெலயில பெரிய வித்தியாசம் இருக்காது. ரொம்ப நீளமா இருந்து உள்ள தண்ணி பாட்டில் ஸ்டாண்ட் மாட்டுற போல்ட்டு தட்டுச்சுன்னா அடில அறுத்துக்கலாம், ஆனா அறுத்துட்டா அந்த கோட்டுக்கு அர்த்தமே கெடையாது, அது அடிலருந்து அளந்து போட்டது, புதுசா நீங்களே அளந்து மார்க் பண்ணிக்கணும்.

மேல சீட்ட புடிக்கிற தலைய நெறைய பேர் பாக்கவே மாட்டேங்குறாங்க, கலரத்தான் பாக்குறாங்க. பழைய மாடல்ல தனி க்ளிப் வரும், ரெண்டு பக்கமும் நட்டு, உள்ள பல்லு, அந்த பல்லு தேஞ்சா சீட்டு மூக்கு மேலயும் கீழயும் ஆடும். இருக்குற காசுக்கு ரெண்டு போல்ட் தலை கெடச்சா கண்ண மூடிட்டு வாங்குங்க. பழைய போஸ்ட் நேரா இருந்துச்சா பின்னால வளஞ்சிருந்துச்சான்னும் பாருங்க, 20 எம்எம் பின்னால தள்ளி இருக்குறதுக்கு பதிலா நேரா வாங்கிட்டு, சீட்ட கடைசி வரைக்கும் பின்னால இழுத்து வச்சு ஓட்டுனா சீட்டு கம்பிதான் வளையும்.

கார்பன்னு சொல்லி பேரே இல்லாம கம்மி வெலைக்கு வர்றது வேணாம், கார்பன் ஒடஞ்சா வளஞ்சு சொல்லிட்டு ஒடையாது, பட்டுனு போகும். சாதாரண 6061 ரக அலுமினியம் போதும், ஸ்டீலா இருந்தாலும் தப்பில்ல, வெயிட்டு கொஞ்சம் கூட, அவ்ளோதான். பர்கூர் பக்கம் கிரானைட் லாரி ஓடி ஓடி குழியான ரோட்டுல ஓட்டுறவங்க சஸ்பென்ஷன் போஸ்ட் (குலுக்கல தாங்குறது) கேக்குறாங்க, புரியுது, ஆனா கம்மி வெலைல வர்றது சீக்கிரமே பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சிடும், வெயிட்டும் ஜாஸ்தி. மொதல்ல டயர்ல காத்த கொஞ்சம் கொறச்சு ஓட்டிப் பாருங்க, அதுக்கு செலவே இல்ல. ட்ராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே பட்டன அமுக்கி சீட்ட எறக்கி ஏத்துறது) இந்த பட்ஜெட்டுக்கு வராது.

க்ளாம்ப்பும் சேத்து மாத்துறீங்கன்னா, அது போஸ்ட் சைஸ் இல்ல, ஃப்ரேம் குழாயோட வெளி அளவு. 31.6 போஸ்ட்டுக்கு பெரும்பாலும் 34.9 க்ளாம்ப் வரும், 27.2க்கு 31.8, ஆனா அதையும் அளந்துட்டு வாங்குங்க.

மாட்டும்போது அலுமினியம், ஸ்டீல்னா உள்ள மெலிசா கிரீஸ் தடவுங்க. வெறுமனே சொருகி ரெண்டு மழக்காலம் விட்டா, முக்கியமா ஸ்டீல் ஃப்ரேம்ல அலுமினிய போஸ்ட்டு, ரெண்டும் ஒண்ணா புடிச்சிக்கும், அப்புறம் அத எடுக்குறதே பெரும்பாடு. கார்பனுக்கு மட்டும் கிரீஸ் கூடாது. க்ளாம்ப் போல்ட்டுக்கு பொதுவா 5லருந்து 7 நியூட்டன் மீட்டர் (இறுக்குற விசையோட அளவு) போதும், அதுலயே நம்பர் அடிச்சிருந்தா அதுதான் கணக்கு. டார்க் ரென்ச் (எவ்ளோ இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) இல்லாதவங்க அலன் கீயோட நீளப் பக்கத்த உள்ள சொருகி குட்டப் பக்கத்த விரல்ல புடிச்சு திருப்புங்க, பைப்பு மாட்டி நெம்பாதீங்க.

கடைசியா க்ளாம்ப்ப ஒட்டி போஸ்ட்ட சுத்தி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டு ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. டேப் விளிம்பு சுருங்கி மேல ஏறியிருந்தா போஸ்ட்டு எறங்குதுன்னு அர்த்தம், அப்ப போல்ட்ட இன்னும் முறுக்காதீங்க, வெளிய உருவி, கிரீஸ் ஜாஸ்தியா இருந்தா தொடச்சுட்டு, வெர்னியர எடுத்து இன்னொரு தடவ அளங்க.